நாற்பத்திரண்டு ஜன்னல்கள்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவளுக்கு அட்டை அக்கா என்று பேர். அவளைவிட இருபது வயது மூத்த பெரிய சாரும் அப்படித்தான் கூப்பிட்டார். பார்சல் கொண்டுவருகிற ஆள்கூட வாசலில் நின்று, "அட்டை அக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்பார். அப்பா அம்மா வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மண்ணில் கட்டப்போகிற கட்டடத்தை முதலில் மேசைமேல் அட்டையில் கட்டிக் காட்டுவது அவள் வேலை. ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ஒரு நூலகம், எத்தனையோ வீடுகள். எல்லாம் அவள் கையில் பிறந்து, பிறகுதான் சிமெண்டில் பிறந்தன. சில, சிமெண்டில் பிறக்காமலே போனதும் உண்டு. அவற்றை அலமாரியின் மேல்தட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். தெருமுனையில் இருந்த பெட்டி செய்யும் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். செருப்புப் பெட்டி, சட்டைப் பெட்டி, கேக் பெட்டி. பத்து வருஷம் அட்டையை மடித்தாள். ஒரு நாள் பெரிய சார் அந்தப் பட்டறைக்கு வந்தார். வெளியாள் ஒருவர் செய்துகொடுத்த மாடலை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், குலுங்காமல் போய்ச் சேர ஒரு பெட்டி வேண்டும் என்றார். மூன்றாம் நாள் வந்தபோது பெட்டி தயாராக இருந்தது. கூடவே, மாடலில் உடைந்து கிடந்த மாடிப்படி ஒட்டப்பட்டு, அதற்கு ஒரு கைப்பிடியும் முளைத்திருந்தது.

"இதை யாருங்க பண்ணது?"

பட்டறைக்காரர் மூலையைக் காட்டினார். "அந்த ஊமைப் பொண்ணுதான் சார். கேக்காம கை வச்சிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கிறதா? நாளைக்கு அந்தப் பொண்ணை என் ஆபீசுக்கு அனுப்புங்க."

அது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. அவள் ஊமையெல்லாம் இல்லை. பேச்சு உள்ளே நிறைய இருந்தது. வாசல்படி தாண்டத்தான் அதற்குக் கூச்சம். ஒரு காலையில் அவள் "ஜன்னலைச் சாத்தட்டுமா, பேப்பர் பறக்குது" என்று சொல்லிவிட்டால், கணினி முன்னால் இருக்கிற பையன்கள், "டேய், அக்கா நாலு வார்த்தை பேசிட்டாங்க, குடை எடுத்துட்டு வந்தியா?" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிப்புக்கு வார்த்தை தேவையில்லை.

பேசாதவளுக்குக் கண் அதிகம். யார் வரைபடத்தில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்து எதில் இடிக்கும் என்பது அவளுக்கு அட்டையை வெட்டும்போதே தெரிந்துவிடும். சொல்ல மாட்டாள். கதவைத் திறந்த நிலையில் ஒட்டி வைத்துவிடுவாள். வரைந்தவன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்துவிடும்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, மேசை விளிம்பில் மோவாயை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாடலின் தரையோடு தரையாகப் பார்ப்பாள். மற்ற எல்லோரும் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டு மேலிருந்து பார்ப்பவர்கள். வரைபடம் என்பதே மேலிருந்து பார்ப்பதுதானே. பறவைக்குத் தெரிகிற மாதிரி.

அலுவலகத்தின் முன்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஓவியம் தொங்கியது. மனுஷனோ மரமோ மாடோ எதுவும் இல்லாத படம். பெரிய மஞ்சள் வட்டம், அதைத் தொட்டும் தொடாமலும் சாய்ந்து ஓடுகிற ஒரு சிவப்புக் கோடு, இரண்டு கறுப்பு முக்கோணம், சாம்பல் பட்டைகள், ஒரு மூலையில் தன்னந்தனியாக ஒரு நீலச் சதுரம். பெரிய சார் எப்போதோ எங்கேயோ ஒரு இளம் ஓவியரிடம் வாங்கி வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தினமும் தரை துடைக்கிற சாக்கில் அதன் முன்னால் நிற்பாள். அது எதைப் பற்றிய படம் என்று யாரையும் கேட்டதில்லை. கேட்கத் தேவை வரவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தால், மூச்சு வாங்காமல் ஒரே ஓட்டமாக ஓடுகிற மாதிரி நெஞ்சில் ஏதோ ஆகும். அது போதும் அவளுக்கு.

போன வருஷம் சுவருக்கு வர்ணம் அடித்தார்கள். அடித்தவர்கள் படத்தைக் கழற்றி வைத்து, முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை உள்ளே வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழே வலது ஓரத்தில் இருக்க வேண்டிய ஓவியரின் பொடிக் கையெழுத்து, மேலே இடது ஓரத்தில் தலைகீழாகத் தொங்கியது.

யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஒரு மாசம் போயிற்று. அதற்கப்புறம் சொன்னால், "இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்பார்களே என்று அந்தச் சொல்லையும் மென்று விழுங்கிவிட்டாள். வந்த விருந்தாளிகள் எல்லாம் படத்தைப் பார்த்து, "என்ன ஒரு ஆழம்!" என்றார்கள். பெரிய சார் அடக்கமாகத் தலையசைத்தார். அவள் துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டாள்.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூட வேலை வந்தது.

பள்ளியை வரையும் பொறுப்பு சின்ன மேடத்துக்கு. முப்பது வயது, வெட்டிய முடி, பேனாவைத் தலையில் சொருகிவிட்டு அதையே பத்து நிமிஷம் தேடுகிற ரகம். ஒரு வாரம் அந்த ஓவியத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் வரைபடத்தோடு எழுந்தார்.

"பள்ளிக்கூடம்னா டப்பா டப்பாவா வரிசையா நிக்கணும்னு யாரு சட்டம் போட்டது?" என்றார் அவளிடம். "பாருங்க அக்கா. மஞ்சள் வட்டம் மைதானம். அதைச் சுத்தி வளைவா பதினாலு வகுப்பு. சிவப்புக் கோடு ஒரு நீளச் சுவர், முழுக்க உக்கார்ற மாதிரி திண்டு. முக்கோணம் ரெண்டும் நூலகமும் கூட்டம் போடுற ஹாலும். பட்டை எல்லாம் நிழல் நடைபாதை. எப்படி?"

அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். பிடித்துப்போனதால்தான். இத்தனை வருஷம் சுவரில் கிடந்த கோட்டின் மேல் இனிமேல் பிள்ளைகள் ஏறி உட்காரப் போகிறார்கள்.

"நல்லா இருக்கு மேடம்" என்றாள். மூன்று வார்த்தை.

மூன்று வாரம் வெட்டினாள். ஒரு சென்டிமீட்டர் என்றால் நிஜத்தில் இரண்டு மீட்டர். எதையும் முதலிலேயே ஒட்ட மாட்டாள். எல்லாம் குண்டூசியில் நிற்கும். சரி என்று சொன்ன பிறகுதான் பசை. 'அட்டை அக்கா பசை போட்டுட்டாங்க' என்றால் அந்த அலுவலகத்தில் இனி மாற்றம் கிடையாது என்று அர்த்தம். பெரிய சாரே அதற்குக் கட்டுப்பட்டவர்.

வகுப்புக்கு மூன்று ஜன்னல், எல்லாம் மைதானத்தைப் பார்த்து. உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் மஞ்சள் தெரிய வேண்டும் என்று தாழ்வாக வைத்திருந்தார் மேடம். ஜன்னலுக்கு நாலு வெட்டு. நாற்பத்திரண்டையும் வெட்டி முடித்த அன்று மத்தியானம், ஏழாம் வகுப்பின் வாசலில் ஒரு குண்டூசியைக் குத்தினாள். பிள்ளை உயரத்துக்கு நறுக்கின ஊசி, தலையில் கடுகு மாதிரி ஒரு மணி. அது அவள் கணக்கில் ஒரு பெண். பிறகு மோவாயை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடினாள்.

மஞ்சள் வெளிக்கு அந்தப் பக்கம், கடைசி மூலையில், நீலச் சதுரம் தெரிந்தது.

நீலச் சதுரம்தான் கழிவறை. பள்ளி முழுவதுக்கும் அது ஒன்றுதான். படத்தில் நீலம் ஒரு மூலையில் தனியாக இருந்ததால் வரைபடத்திலும் மூலையில் தனியாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு.

அவள் நிமிரவில்லை. அப்படியே இருந்தாள். மேசை விளிம்பு கழுத்தை அழுத்தியது.

அவளுடைய பள்ளிக்கூடத்திலும் அது கடைசி மூலையில்தான் இருந்தது. நடுவில் மைதானம். அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து நாலு மாசம். பாடத்தின் நடுவில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. என்ன ஆகிறது என்று பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும். வெளியே போக வேண்டும். மைதானத்தில் பெரிய வகுப்புப் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. அவள் எழவில்லை. கடைசி மணி அடித்து, எல்லோரும் போய், பெருக்குகிற அம்மா வருகிறவரை எழவில்லை. பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காய்ச்சல் என்றாள். அடுத்த நாள் தலைவலி. பெஞ்சை யார் துடைத்திருப்பார்கள், யார் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பே காலைக் கட்டிப்போட்டது. நாள் வாரமாகி, வாரம் மாசமானது. "படிப்பு ஏறல போல, விடுங்க" என்று அப்பா முடித்துவிட்டார். படிப்பு ஏறித்தான் இருந்தது. வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். அதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, வீட்டுக்காரருக்குக்கூட அவள் படிப்பு ஏறாதவள்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் மகளின் பையைக் கவிழ்த்துச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். மகளுக்குப் பதின்மூன்று. வாய் மட்டும் முப்பது. டப்பா காலி. தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்த மாதிரியே கழுத்துவரை நிறைந்திருந்தது. நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும்.

"ஏன்டி தண்ணியே குடிக்கல?"

"தாகமே எடுக்கலம்மா."

"வெயில் இந்தப் போடு போடுது, தாகம் எடுக்கலையா? ஒட்டகமாடி நீ?"

"ஒட்டகம் பெத்தா ஒட்டகம்தானே பொறக்கும்."

லிஃப்ட் பழுது பார்க்கிற வீட்டுக்காரர், கையில் கிரீஸோடு, குளியலறையிலிருந்து சிரித்தார். "சரியாத்தான்டா சொல்ற. உங்கம்மா பேச்சைக்கூட தண்ணி மாதிரி சேத்து வச்சுக்குவா."

அவள் சிரிக்கவில்லை. "குடிச்சா போகணும், அதுக்காகத்தானே?" என்று மெதுவாகக் கேட்டாள். மகள் நோட்டைத் திறந்து, படிக்கிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தபோது தண்ணீர் குடகுடவென்று வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடக் கமிட்டி வெள்ளிக்கிழமை மாடலைப் பார்க்க வருகிறது. புதன்கிழமை சின்ன மேடம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் அக்கா. பசை போட்டுடுங்க" என்றார்.

அவள் பசை போட்டாள். வகுப்புகள், சிவப்புச் சுவர், முக்கோணங்கள், நடைபாதைகள். நீலத்தை மட்டும் ஊசியிலேயே விட்டாள். பசைக் குப்பியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கை வரவில்லை.

வியாழன் காலை மேடம் விரலால் நீலத்தைத் தொட்டார். அது ஆடியது.

"அக்கா, இது ஒட்டலையே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல மேடம்."

"அப்புறம்?"

அவள் பசைக் குப்பியைத் தள்ளி வைத்தாள். மேடம் காத்திருந்தார்.

"ரொம்ப தூரம் மேடம்" என்றாள் கடைசியில்.

"எது தூரம்? ரெண்டு நிமிஷ நடை."

"நடை இல்ல மேடம். அத்தனை பேர் பாக்க நடக்கணும். என் பொண்ணு ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டேங்கிறா. பாட்டில் நிறைய அப்படியே வருது."

மேடம் நீலத்தைப் பார்த்தார், வகுப்புகளைப் பார்த்தார். புரியாமல் இல்லை. ஆனாலும் கை தலையில் பேனாவைத் தேடியது. "நீங்க சொல்றது சரிக்கா. ஆனா நீலத்தை எடுத்தா மொத்தமே விழுந்துடும். படத்துல அது அங்கதான் இருக்கு. அந்த எடை அங்க இருந்தாதான் சிவப்புக் கோடு நிக்கும். அந்த ஓவியர் காரணமில்லாம அங்க வச்சிருக்க மாட்டாரு."

அப்போது அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. பதின்மூன்று மாசம் உள்ளே இருந்தது.

"அவரு அங்க வைக்கல மேடம். படம் தலைகீழா தொங்குது."

"என்னது?"

"பெயிண்ட் அடிச்சவங்க மாத்தி மாட்டிட்டாங்க. கையெழுத்து மேல இருக்கு, பாருங்க."

மேடம் ஓடினார். முன்கூடத்திலிருந்து ஒரு விக்கல் மாதிரி வந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒரு வாரம்! ஒரு வாரம் இது முன்னாடி தவம் கிடந்தேன் அக்கா! ஆழம், ஆழம்னு..." சத்தம் கேட்டுப் பெரிய சார் வெளியே வந்தார். விஷயம் சொன்னார்கள். அவர் கழுத்தைச் சாய்த்து, கண்ணாடியை ஏற்றி, இறக்கி, கையெழுத்தைப் படித்தார். முகம் போன போக்கைப் பார்த்து அட்டை அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"பதிமூணு மாசம் சார்."

"பதிமூணு மாசம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நாளைக்கு வரைக்கும் அப்படியே தொங்கட்டும்."

நீலத்தைப் பற்றியும் மேடம் சொன்னார். அவர் யோசித்தார். "கமிட்டித் தலைவர் அந்த ஒத்தை நீலத்துல மயங்கித்தான் சரின்னாரு. மாத்துறதுன்னா மாத்துங்க. ஆனா கேள்வி வந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒத்துக்கலைன்னா பழையபடிதான்."

அன்று முழுக்க இருவரும் உட்கார்ந்தார்கள். இரண்டு வகுப்புக்கு நடுவில் ஒரு சின்ன அறை, கதவு பின்பக்க நடைபாதையைப் பார்த்து. மொத்தம் ஏழு. அவள் நீல அட்டையில் ஏழு துண்டு வெட்டிச் சொருகினாள், ஊசியில்தான். பழைய சதுரத்தை மேசை டிராயரில் வைத்துக்கொண்டாள். மேலிருந்து பார்த்தால் அழகு குறைந்துதான் இருந்தது. அதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் உயரமான ஆள், ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர், பேச்சுக்குப் பேச்சு விரலால் காற்றில் கோடு போடுவார். தலைமையாசிரியை குள்ளமாக, தோளில் பெரிய பையோடு, எல்லோருக்கும் பின்னால் நின்றார். கூரைகளைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதால் அட்டை அக்கா மேசைப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பாள்.

தலைவர் பார்த்ததும் கேட்டுவிட்டார். "அந்த ஒத்தை நீலம் எங்க போச்சு?"

மேடம் சொன்னார். வசதி, தூரம், காற்றோட்டம் என்று படித்த வார்த்தைகளாக அடுக்கினார். தலைவர் தலையை ஆட்டினார். சம்மதித்து அல்ல, மறுத்து.

"அம்மா, கண்ணுக்கு ஒரு புள்ளி இருந்தது. இப்ப மை சிந்தின மாதிரி இருக்கு. குழாயும் ஏழு இடத்துக்கு ஓடணும். பிள்ளைங்க பெல் அடிச்சா சேந்து போய்ட்டு சேந்து வரப்போறாங்க. பழையதையே வைங்க."

பெரிய சார் அண்ணாந்து அறையின் கூரையைப் பார்த்தார். மேடம் தலையில் பேனாவைத் தேடினார். அட்டை அக்காவின் கை தானாக டிராயரைத் திறந்து பழைய சதுரத்தை எடுத்தது. அதை மூலையில் வைத்தால் வேலை முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வைத்தாள். வைத்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றாள்.

"பெல் அடிக்கிற வரைக்கும் எல்லாராலயும் காத்திருக்க முடியாது சார்."

யார் பேசியது என்று தலைவர் திரும்பிப் பார்த்தார். கணினிப் பையன் ஒருவன் கோப்பையை வாய்க்கு அருகில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"என்னம்மா?"

"இது ஏழாம் வகுப்பு சார்." குண்டூசிப் பெண்ணை எடுத்து வாசலில் குத்தினாள். முதல் தடவை சாய்ந்தது. மறுபடி குத்தினாள். "இங்கிருந்து நீலம் நாப்பத்தெட்டு சென்டிமீட்டர். நிஜத்துல தொண்ணூத்தாறு மீட்டர். பிள்ளை நடந்தா நூத்தியெழுபது எட்டு வைக்கணும். போற வழியில மரம் இல்ல, சுவர் இல்ல. சுத்தி நாப்பத்திரெண்டு ஜன்னல். எல்லாம் நான்தான் வெட்டினேன், அதனால தெரியும். எல்லா ஜன்னலும் இவளைத்தான் பாக்குது."

"அட, யாரு பாக்கப்போறா? பாடம் நடந்துட்டிருக்கும்."

"பாக்க வேண்டாம் சார். பாக்குறாங்கன்னு இவ நெனச்சாலே போதும். பெஞ்சை விட்டு எழுந்திரிக்க மாட்டா."

அவளுக்குக் காது இரண்டும் அடுப்பு மாதிரி கொதித்தது. இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் அழுதுவிடுவாள் என்று இருந்தது.

தலைமையாசிரியை பையை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் வந்தார். "எங்கிருந்து பாத்தீங்க?"

அவள் மேசை விளிம்பைக் காட்டினாள். தலைமையாசிரியை குனிந்து, மோவாயை அங்கே வைத்து, ஒரு கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"சார், நீங்களும் கொஞ்சம் குனியுங்க."

"என் முட்டி குனியுமா? டாக்டர் கொல்லுவாரு."

"நான் தூக்கி விடறேன். குனியுங்க."

அந்த உயரமான மனிதர் மேசையைப் பிடித்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, மெல்ல மெல்ல இறங்கினார். முட்டி சொடுக்கிட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒரு கண்ணை மூடினார். ஜன்னல் வெளிச்சம் மஞ்சள் அட்டையில் பட்டு அவர் முகத்தில் அடித்தது.

"ரொம்பத் தூரமா இருக்கே" என்றார். மேலிருந்து பேசிய குரல் இல்லை அது.

அவரைத் தூக்கி நிமிர்த்தியதும் முதலில் மூலையைத்தான் பார்த்தார். பொறியாளர் புத்தி. "சரி, ஏழு அறையும் இருக்கட்டும். குழாயை நான் பாத்துக்கிறேன். ஆனா அந்த மூலை காலியாயிட்டா நல்லா இருக்காதே. மேடம் அன்னைக்கு வரைபடம் காட்டும்போது சொன்ன மாதிரி, அங்க ஒரு எடை வேணும்."

"என் ரூமை அங்க போடுங்க" என்றார் தலைமையாசிரியை. "நல்லா பளிச்சுன்னு நீலமா. என்னை யாரு வேணா பாக்கட்டும். அத்தனை வகுப்பும் பாக்க நான் நடக்கிறேன், டாக்டரும் நடக்கத்தான் சொல்றாரு. அந்த ஏழுக்கு நீலம் எதுக்கு? சுவர் நிறத்திலேயே இருக்கட்டும். போறதும் வர்றதும் யாருக்கும் தெரியக் கூடாது."

சின்ன மேடம் ஒரு நொடி விழித்துவிட்டு, ஏழு நீலத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அட்டை அக்கா அலமாரியிலிருந்து வெள்ளை அட்டை எடுத்து, அங்கேயே நின்றபடி ஏழு துண்டு நறுக்கிச் சொருகினாள். கத்தி ஏழு தடவை போனது. ஒரு துண்டும் கோணவில்லை. பார்த்தபோது மஞ்சளும் சிவப்பும் நீலமும் எழுந்து நின்றன. வெள்ளைகள் இருக்குமிடம் தெரியவில்லை. பெரிய சார் கூரையிலிருந்து பார்வையை இறக்கி, "இதைத்தான் நானும் சொல்ல நெனச்சேன்" என்றார். கணினிப் பையன்கள் இருமினார்கள்.

எல்லோரும் காபிக்கு முன்கூடத்துக்குப் போனார்கள். தலைவர் ஓவியத்தைப் பார்த்து ஏதோ பாராட்டுவது கேட்டது. தலைமையாசிரியை மட்டும் பையை எடுக்கத் திரும்பி வந்தார். பையை எடுக்கவில்லை. மேசையருகில் நின்றார்.

"எந்த வகுப்புல நின்னீங்க?"

யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. ஏன் படிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஏழு."

"நான் ஒம்பதாவதுல ஒரு மாசம் போகல. எங்க அக்கா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்து விட்டா. வகுப்பு வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தா, பையைப் பிடிச்சுக்கிட்டு." அவர் ஏழாம் வகுப்பு வாசலில் இருந்த மணித்தலைக் குண்டூசியை விரல்நுனியால் தொட்டார். "உங்களுக்கு அக்கா இல்லையா?"

"நான்தான் மூத்தவ."

"ம்."

பிறகு தலைமையாசிரியை பள்ளிக்கூடக் குரலில், "உள்ள என்னென்ன வேணும், சொல்லுங்க. கட்டினப்புறம் நெனச்சா ஆகாது" என்றார்.

"கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கி. பையை மாட்ட. தரையில வைக்க முடியாது."

"சரி."

"ஒரு சின்னத் தட்டு, எட்டுற உயரத்துல. மூடி போட்ட குப்பைக் கூடை. தாழ்ப்பாள் நல்லா விழணும், பாதியில நிக்கக் கூடாது. வெளிய ஒரு கண்ணாடி வேணும், முழு ஆளும் தெரியுற மாதிரி. பின்பக்கம் திரும்பிப் பாத்துக்கணும்ல."

"கண்ணாடி. ஆமா. கண்ணாடி எனக்குத் தோணல." தலைமையாசிரியை குனிந்து வெள்ளைத் துண்டுகளைத் தேடினார். "இதெல்லாம் இதுல காட்ட முடியாதா?"

"இந்த அளவுல கொக்கி வராதுங்க. முடி அளவுகூட இருக்காது."

"அப்ப எழுதுங்க. வரைபடத்திலேயே எழுதிடுங்க. கட்டுறவன் படிக்கட்டும்."

சின்ன மேடத்தின் வரைபடம் பக்கத்து மேசையில் விரிந்து கிடந்தது. அதில் எழுதுவது மேடத்தின் வேலை. பதினாறு வருஷத்தில் அவள் எந்த வரைபடத்திலும் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. பென்சிலை எடுத்தாள். ஏழாம் வகுப்புக்கு அடுத்த சின்னக் கட்டத்துக்கு ஓரமாக, ஒவ்வொரு எழுத்தாக, உருண்டையாக எழுதினாள். "உள்பக்கம் கொக்கி. பை தாங்குற மாதிரி."

தலைமையாசிரியை தோள்வழியே எட்டிப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கே. மத்த ஆறுலயும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.